ஆந்தையிடம் வாங்கிய நாணயங்கள்

என் அண்ணனுக்கு இந்த வயதில் யாரோ ஒரு பெண்ணோடு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன். "உனக்கு ஆபரேஷன் பண்ணது கண்ணுலயா, மூளையிலயா?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். அவருக்கு எதிலும் ஒரு சுவாரசியம் கிடையாது.

நான் ஒன்றும் சும்மா சொல்லவில்லை. கண்புரை அறுவைக்காக அண்ணன் வீட்டில் வந்து தங்கியிருந்தேன். ஆஸ்பத்திரி அவன் தெருமுனையிலேயே இருந்தது. ஒரு கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடியை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். மிச்சமிருந்த கண்ணே எனக்குப் போதும். காலையில் அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாப்பாட்டு மேசையில் போன் மல்லாந்து கிடக்கும். அது 'டிங்' என்றதும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அவனுடைய கல்யாணப் போட்டோவில்கூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகக் குத்திப் பதில் எழுதுவான். நான் எட்டிப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைப்பான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அண்ணி ஒன்றும் கோபித்துக்கொண்டு போகவில்லை. மகளின் பிரசவத்துக்கு உதவியாக விமானம் ஏறிப் போனவர். பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது, இப்போது பள்ளிக்கூடப் பையைத் தூக்குகிறது. அண்ணி இன்னும் அங்கேதான் இருக்கிறார். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை யாரிடம் விடுவது? அடுத்த லீவுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ லீவுகள் போய்விட்டன. அண்ணனும் ஒரு தடவை போய் இருந்து பார்த்தான். அந்த வீட்டில் எல்லோருக்கும் வேலை இருந்தது, இவனுக்கு மட்டும் இல்லை. திரும்பி வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவார்கள். பேரன் திரைக்கு நாக்கை நீட்டுவான், பின்னால் ஏதோ மெஷின் ஓடும், மகள் போகிற போக்கில் "அப்பா, மாத்திரை போடறீங்கல்ல?" என்பாள். அண்ணன் "எல்லாம் போடறேன், நல்லா இருக்கேன்" என்பான். அப்புறம் படம் உறைந்து நின்றுவிடும். ஒரு வாரத்துக்கான குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான். இதில் யார் மேல் தப்புச் சொல்வது? ஒரு ஆள் கிடைத்தாலாவது திட்டித் தீர்க்கலாம். அதற்கும் வழியில்லாததுதான் எனக்கு எரிச்சல்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. பால்கனிக்கு எதிரே ஒரு சலவைக்கடையின் பின்சுவர். அங்கிருந்து நாள் முழுக்கச் சூடான நீராவி வந்துகொண்டிருக்கும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். ஒன்றில் அண்ணன் உட்காருவான். மற்ற மூன்றில் மடிக்காத துணியும் பழைய செய்தித்தாளும் கூரியர் அட்டைப்பெட்டிகளும் உட்கார்ந்திருந்தன. நான் வந்த அன்று எனக்கு இடம் கொடுக்கச் செய்தித்தாள்தான் எழுந்துகொண்டது. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணிடம் "நேத்து வேற மாதிரி சொன்னியேம்மா" என்று இவன் சண்டை போடுவதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நானே அவனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

ஓய்வு பெறும்வரை அண்ணன் பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் ஒப்பிடும் அறையில் வேலை செய்தான். வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி அட்டையையும் புதிதாகக் கலக்கிய பெயின்ட் பூசிய தகட்டையும் விளக்குக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "மஞ்சள் ஒரு துளி கூடிப் போயிடுச்சு" என்று சொல்கிற வேலை. அந்தக் கண்ணை வீட்டுக்கு வரும்போது கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு முதல்முறை பெயின்ட் அடித்தபோது வந்தவன், உட்காரக்கூட இல்லை, "இந்தச் சுவருக்கு ரெண்டு டப்பா வாங்கினீங்களா? ரெண்டும் ஒன்னு இல்லியே" என்றான். உண்மைதான். அதற்காக அதைச் சொல்ல வேண்டுமா? என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது, பீரோவைச் சுத்தம் செய்யப் போய் ஒரு பழைய காகித உறைக்குள் ஒரு வெள்ளி நாணயம் அகப்பட்டிருக்கிறது. யாரோ எப்போதோ போட்டு வைத்தது. வெள்ளி கறுத்துத்தானே போகும்? இது கறுக்கவில்லை. விளிம்பில் நீலம், அதற்கு உள்ளே ஊதா, அதற்கு உள்ளே தேன் நிறம், நடுவில் பளிச்சென்று வெள்ளி. காகிதத்தில் இருக்கும் கந்தகம் வருஷக்கணக்காக வெள்ளியோடு கூடிக் கூடி இப்படி ஆகுமாம். நாணயம் சேர்ப்பவர்கள் இதை டோனிங் என்கிறார்கள். இப்படித் தானாக நிறம் ஏறிய நாணயத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. கிராக்கி இருக்கிற இடத்தில் கள்ளம் சும்மா இருக்குமா? அடுப்பில் வைத்துச் சூடாக்குகிறவர்கள், வேகவைத்த முட்டையை நசுக்கி அதோடு நாணயத்தையும் டப்பாவுக்குள் மூடி வைக்கிறவர்கள், மருந்தில் முக்கி எடுக்கிறவர்கள் என்று இணையம் முழுக்கப் பரவிக் கிடக்கிறார்கள்.

அண்ணன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தான். பெயர் 'வெள்ளிக் கிறுக்கர்கள்'. அதை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். ஆன்லைனில் ஏதாவது நாணயம் பிடித்துப்போனால், காசைக் கட்டுவதற்கு முன்னால் படத்தைக் குழுவில் போடுவார்கள். அண்ணன் பெரிதாக்கிப் பார்த்து 'தானாக வந்தது' என்றோ 'வேக வைத்தது' என்றோ எழுதுவான். அவன் சொன்னால் அதுதான் கடைசி. அவனுக்கு அங்கே கலர் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதும் இல்லை.

அவன் எனக்கும் கொஞ்சம் காட்டினான். எனக்குப் பொழுது போகவில்லை, அவனுக்குப் பேச ஆள் கிடைத்தது. ஏலத் தளத்தில் ஒரு படத்தை இழுத்துப் பெரிதாக்கி, "சொல்லு, இதுல என்ன தப்பு?" என்றான்.

"எனக்கு ஒரு கண்ணுதாண்ணா தெரியுது."

"இதுக்கு அரைக்கண்ணு போதும். நிறம் வரிசையா வரணும். முதல்ல வெளிர் மஞ்சள், அப்பறம் சிவப்பு கலந்த ஊதா, அப்பறம்தான் நீலம். ரயில் பெட்டி மாதிரி. இங்க பாரு, வெள்ளிக்குப் பக்கத்துலயே நீலம் நிக்குது. நடுவுல இருந்த பெட்டிங்கெல்லாம் எங்க?"

"காணோம்."

"எழுத்து ஓரத்தைப் பாரு. தானா வந்ததுல எழுத்தைச் சுத்தி நூல் மாதிரி ஒரு வெள்ளிக்கோடு இருக்கும். இதுல எழுத்து, சுத்தி இருக்கற வெத்துப் பரப்பு, கீறல் எல்லாத்து மேலயும் ஒரே பூச்சு. அப்பறம் அந்த ஆளோட விரலைப் பாரு."

நாணயத்தைப் பிடித்திருந்த கட்டைவிரல் காரட் நிறத்தில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மனுஷனுக்கு விரல் இப்படி இருக்குமா? போட்டோவுல கலரை ஏத்தியிருக்கான். இவன் கிட்ட சாய்ச்சு சாய்ச்சு ஒரு வீடியோ எடுத்து அனுப்புன்னு கேட்டா அனுப்பவே மாட்டான். நல்ல காயினைச் சாய்ச்சா நிறத்துக்கு அடியில வெளிச்சம் சக்கரம் மாதிரி ஓடும். இது செத்துக் கிடக்கும். முக்கியமா ஒன்னு, அவன் விக்கிற மத்த காயினையும் போய்ப் பாக்கணும். வேற வேற வருஷம், வேற வேற தேசம், எல்லாத்துலயும் ஒரே நீலம்னா எல்லாம் ஒரே சட்டியில இருந்து வந்ததுன்னு அர்த்தம்."

இவ்வளவு நேரம் அவன் தொடர்ச்சியாகப் பேசி நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நடுவில் நிறுத்தி, "போர் அடிக்கிறேனா?" என்று கேட்டான். இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை.

அப்போது போன் 'டிங்' என்றது. கவிழ்ப்பதற்குள் நான் பிடுங்கிவிட்டேன்.

'காலை வணக்கம் கலர் சார். ராத்திரி தூக்கம் வந்துச்சா? இங்க மழை. முட்டி இன்னிக்கும் வலிக்குது. தங்கச்சிக்குக் கண்ணு எப்படி இருக்கு?'

அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆந்தை என்று இருந்தது. ஒரு ஆந்தைப் படமும் இருந்தது.

"யாருண்ணா இது?"

"குரூப்ல இருக்கறவரு. காயின் விக்கிறவரு."

"ஆம்பளையா?"

"பின்ன?"

என் வயிற்றில் பால் வார்த்தது போலவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது இதில் என்று கேட்டேன். அவன் பிடி கொடுக்கவில்லை. ஆனால் அந்த மெசேஜ்களை மேலே மேலே தள்ளிப் பார்த்ததில் எனக்கே அந்த ஆந்தை மேல் ஒரு மரியாதை வந்தது. தினமும் மறக்காமல் கேட்டிருக்கிறார். சாப்பிட்டீர்களா, கால் வீக்கம் குறைந்ததா, நேற்று டாக்டர் என்ன சொன்னார். கூடப் பிறந்த நான் இவ்வளவு கேட்டதில்லை. 'முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க, படியேறும்போது நல்ல காலை முதல்ல வைங்க' என்று அண்ணன் பக்கம் பக்கமாக வைத்தியம் எழுதியிருந்தான்.

இரண்டொரு நாளில் கூரியர் வந்தது. ஆந்தை அனுப்பிய நாணயம். நான் ஆவலாகப் போய் நின்றேன். அண்ணன் பெட்டியைப் பிரித்தான், நாணயத்தை எடுத்தான், பார்க்கக்கூட இல்லை. அலமாரியிலிருந்த ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து அதற்குள் போட்டு மூடினான். நாணயம் சேர்க்கிறவன் புது நாணயத்தை இப்படி வாங்கிப் போடுவானா? எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அவன் மருந்து வாங்கக் கீழே இறங்கியதும் டப்பாவை எடுத்து மேசை மேல் கவிழ்த்தேன்.

ஒரு குவியல். எல்லாம் சோப்பு நுரை மேல் வெயில் பட்டது போலப் பளபளவென்று இருந்தன. வேறு வேறு தேசம், வேறு வேறு வருஷம். எல்லாவற்றிலும் ஒரே நீலம். ஜன்னலோரம் கொண்டுபோய் ஒன்றைச் சாய்த்துப் பார்த்தேன். வெளிச்சம் எங்கேயும் ஓடவில்லை. எழுத்தைச் சுற்றி எந்தக் கோடும் இல்லை. நீலத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே ஒரு பெட்டிகூட இல்லை. ஒற்றைக் கண்ணோடு, படிப்பு ஆரம்பித்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிகிறது என்றால் இவனுக்குத் தெரியாதா?

அவன் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது நான் எதையும் ஒளிக்கவில்லை. எதற்கு ஒளிக்க வேண்டும்?

"அண்ணா, இது எல்லாம் வேக வெச்சதா?"

மருந்துப் பையை மேசையில் வைத்தான். "ஆமா."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"தெரிஞ்சேவா வாங்கின?"

அவன் நாணயங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தான். நான் விடுகிற ஆளா? அவன் எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தது சும்மாவா? நச்சரித்து நச்சரித்துக் கடைசியில் வாயைத் திறக்க வைத்தேன்.

முதல் நாணயத்தைப் படத்தில் பார்த்தபோது அவனுக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. படம் மங்கல். சரி, கையில் வாங்கிப் பார்ப்போம் என்று வாங்கியிருக்கிறான். பெட்டியைப் பிரித்த நிமிஷமே தெரிந்துவிட்டது. குழுவில் போட்டு உடைக்கப் போனை எடுத்திருக்கிறான். எடுத்த கையில் 'டிங்' என்று வந்திருக்கிறது. 'பார்சல் வந்துச்சா சார்? சாப்டீங்களா?'

"அன்னிக்கு நான் வாயைத் திறந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலடி. அதுக்கு முந்தின நாளும் இல்ல. சாப்டீங்களான்னு ஒருத்தர் கேக்கறார். நான் என்னன்னு எழுதறது? நீ திருடன்னா? வந்துச்சு, நல்லா இருக்குன்னு எழுதிட்டேன். அவரு எங்க வேலை பாத்தீங்கன்னு கேட்டாரு. நான் சொன்னேன். பேச்சு போய்க்கிட்டே இருந்துச்சு."

"சரி, ஒன்னு. மீதி எதுக்கு?"

"அவரு குரூப்ல அடுத்தது போட்டாரு. நான் வாங்கலேன்னா வேற யாராவது வாங்கிடுவாங்க. ஏமாந்துடுவாங்க. நானே வாங்கிட்டா யாருக்கும் நஷ்டம் இல்ல. அவருக்கும் பேர் கெடாது."

எவ்வளவு பெரிய தர்மப்பிரபு! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் ஒன்றை யோசிக்கவே இல்லை. அந்தக் குழுவில் கலர் சார் ஒருவரிடம் வாங்குகிறார் என்றால், அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்லவே வேண்டாம். வாங்கியதே சான்றிதழ். யாரும் ஏமாறக் கூடாது என்று இவன் வாங்க வாங்க, ஆந்தையின் சரக்கு நல்ல சரக்கு என்று ஊரெல்லாம் முத்திரை குத்திக்கொண்டிருந்திருக்கிறான். நிறம் பார்க்கத் தெரிந்த அளவுக்கு இவனுக்கு மனுஷர்களைப் பார்க்கத் தெரியாது.

இதை நான் சொல்லித்தான் அவனுக்குப் புரிந்தது என்றில்லை. மறுநாள் மத்தியானம் அதுவே வந்து நின்றது.

குழுவில் ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எல்லோரும் வேன்காரர் என்பார்கள். சின்னச் சின்ன நாணயமாகப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர். அவர் ஒரு பெரிய வெள்ளி நாணயத்தின் படத்தைப் போட்டு எழுதியிருந்தார்: 'ஆந்தை சார்கிட்ட பேசி முடிச்சிட்டேன். இவ்வளவு பெருசா இதுவரைக்கும் வாங்கினது இல்ல, ஒரு வருஷமா இதுக்குன்னே சேத்தது. கலர் சார் எப்பவும் இவர்கிட்டதான் வாங்கறார், அந்த தைரியம்தான். சார் ஒரு வார்த்தை சரின்னு சொன்னா இன்னிக்கு சாயங்காலம் பணம் அனுப்பிடுவேன்.'

அண்ணன் படத்தைப் பெரிதாக்கினான். எனக்கே தெரிந்தது. அதே நீலம்.

அடுத்த நிமிஷம் ஆந்தையிடமிருந்து தனியாக வந்தது. 'கலர் சார், வேன்காரர் கேட்டிருக்கார் பாத்தீங்களா? ஒரு வார்த்தை போட்டுடுங்க. சாப்டாச்சா?'

போனை மேசையில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றான். சலவைக்கடை நீராவி முகத்தில் அடிக்க அடிக்க அங்கேயே நின்றான். நான் பின்னாலேயே போனேன்.

"எழுதுண்ணா. பொய்னு எழுது. ஒரு வார்த்தைதான்."

"எழுதறேன்."

"எப்ப எழுதுவ? அந்த மனுஷன் பணத்தை அனுப்பின பிறகா? ஒரு திருட்டுப் பயலுக்காக..."

"திருட்டுப் பயல்தான். எனக்குத் தெரியாதா?" அவன் திரும்பினான். கோபத்தில் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நீ அடுத்த வாரம் போய்டுவ. கண்ணு சரியாயிடுச்சுன்னு மூடியைக் கழட்டிட்டு உன் வீட்டுக்குப் போய்டுவ. போகணும், உனக்குக் குடும்பம் இருக்கு. அதுக்கப்பறம் காலையில இந்த வீட்டுல என்ன சத்தம் இருக்கும்னு யோசிச்சுப் பாத்தியா? நான் கரண்டியைக் கீழ வெக்கற சத்தம். அவ்வளவுதான். அவன் திருடன், ஆனா காலையில வரான்."

எனக்கு வாயாடி என்று பெயர். ஆனால் அன்று ஏதாவது சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும், அதுவும் அவனுக்குத் தெரிந்துவிடும். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து வந்தான். கண்ணாடியை மாட்டினான். ஒரு விரலால் குத்திக் குத்தி எழுதினான். நீளமாக எழுதினான். அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் படித்துக் காட்டினான்.

'வேன்காரர் தம்பிக்கு, பணம் அனுப்ப வேண்டாம். இது வேக வைத்த நிறம். வெள்ளிக்குப் பக்கத்திலேயே நீலம் வந்திருக்கிறது. எழுத்து ஓரத்தில் கோடு இல்லை. நான் இவரிடம் வாங்கிய எல்லாமே இப்படிப்பட்டவைதான். தெரிந்தேதான் வாங்கினேன். காரணம் என் சொந்தக் காரணம். நான் வாங்குவதைப் பார்த்து வேறு யாராவது வாங்கியிருந்தால் மன்னிக்கவும்.'

"சொந்தக் காரணம்னு மட்டும் போதுமா?" என்று கேட்டான்.

"போதும்" என்றேன்.

அனுப்பினான். அதன் பிறகு போன் ஓயவே இல்லை. அவ்வளவு 'டிங்' அந்த வீடு ஒரு மாதத்தில் கேட்டிருக்காது. ஒன்றிலும் நல்ல வார்த்தை இல்லை. 'தெரிஞ்சேவா? எங்ககிட்ட ஏன் சொல்லல?' என்று ஒருவர். 'ரெண்டு பேருக்கும் பங்கு சரியா வரலயா?' என்று பல்லைக் காட்டும் பொம்மையோடு ஒருவர். 'அப்ப இவரு இதுவரைக்கும் சொன்னதை எல்லாம் எப்படி நம்பறது?' என்று இன்னொருவர். வேன்காரர் மட்டும் 'நன்றி சார்' என்று போட்டார். அதற்கு மேல் அவரும் எதுவும் எழுதவில்லை. கடைசியில் பல் டாக்டர் ரொம்ப மரியாதையாக, இனிமேல் நாணயங்களைப் பற்றிக் கருத்துச் சொல்வதிலிருந்து சார் கொஞ்ச காலம் ஓய்வு எடுத்துக்கொண்டால் நல்லது என்று எழுதினார். வேலையிலிருந்து ஒரு தடவை ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள், இப்போது இதிலிருந்தும். நான் அந்தப் பல் டாக்டரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஆந்தையிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

அண்ணன் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தான். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. மெசேஜ் இல்லை, அழைப்பு. திரையில் அந்த ஆந்தைப் படம். இத்தனை காலமும் எழுத்திலேதான் பேசியிருக்கிறார்களே தவிர ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை. அண்ணனுக்குக் கையெல்லாம் சோப்பு. "எடு, ஸ்பீக்கர்ல போடு" என்றான்.

"சார், நான்தான்."

சின்னப் பையன் குரல். எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கி வாரிப் போட்டது.

"சொல்லுங்க" என்றான் அண்ணன்.

"ஏன் சார் இப்படி பண்ணீங்க? வேன்காரருக்கு வேண்டாம்னா என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல? நானே ஏதாவது சொல்லித் திருப்பி எடுத்திருப்பேன்."

"தப்புதான்" என்றான் அண்ணன். தப்பு இவனுடையதாம்! நான் போனைப் பிடுங்கப் போனேன், சோப்புக் கையால் என்னைத் தடுத்தான்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் சார். முதல் காயின்லயே தெரியும். உங்க மாதிரி ஆளு அதைக் கையில வெச்சுக்கிட்டு நல்லா இருக்குன்னு சொன்னா வேற என்ன அர்த்தம்? அப்பறம் அடுத்ததையும் வாங்கினீங்க. சரி, இவரு காயினுக்காக வரல, பேச்சுக்காக வராருன்னு புரிஞ்சுக்கிட்டேன். அதான் ஒரு நாள்கூட விடாம போட்டேன். மறந்துடக் கூடாதுன்னு அலாரம் வெச்சுப் போட்டேன் சார்."

அண்ணன் குழாயை மூடினான்.

"விடுங்க, போனது போகட்டும். இந்த குரூப் இல்லேன்னா வேற குரூப். நீங்க எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லிக் குடுங்க. அந்த எழுத்து ஓரத்துல கோடு எப்படி வர வெக்கறது? நீலம் வர்றதுக்கு முன்னாடி மஞ்சளை எப்படி நிறுத்தறது? அது மட்டும் தெரிஞ்சா போதும். நான் பழையபடி தினமும் பேசறேன். மெசேஜ்கூட இல்ல சார், இந்த மாதிரி போன்லயே பேசறேன். உங்களுக்கு எந்த நேரம் சரியா இருக்கும்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணன் வாயைத் திறந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிக் கொடுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் முகம் அப்படி இருந்தது. பசித்தவன் முன்னால் தட்டை வைத்தது போல. சொல்லிக் கொடுத்துத் தொலையட்டுமே என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. யாரோ எங்கேயோ ஏமாறட்டும், என் அண்ணனுக்குக் காலையில் ஒரு குரல் கேட்கட்டும். அப்படி நினைத்ததற்கு நான் வெட்கப்படவும் இல்லை.

"வேண்டாம் தம்பி" என்றான்.

"யோசிச்சு சொல்லுங்க சார். அவசரம் இல்ல."

"யோசிச்சுட்டேன் தம்பி. அது வேண்டாம்."

"சரி சார். அப்ப வெச்சுடறேன்."

"ம்."

பையன் வைத்துவிட்டான். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான். "சின்னப் பையன்டி" என்றான். "நான் என் வயசு ஆளுன்னு நெனச்சு முட்டிக்கு என்னென்னமோ வைத்தியம் சொல்லிட்டிருந்தேன். எப்படி சிரிச்சிருப்பான்!" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதத்துக்கு அழக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் மூடிக்குள்ளேயே நனைந்துவிட்டது.

"நான் பேசறேண்ணா" என்றேன். "ஊருக்குப் போனாலும் தினமும் காலையில பேசறேன். ஒரு நாள்கூட விட மாட்டேன்."

"மறந்துடுவ" என்றான். குத்திக் காட்டவில்லை, கிண்டலும் இல்லை, நாளைக்கு மழை வரும் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான். "அலாரம் வெச்சுக்கோ."

எனக்கு அதெல்லாம் வைக்கத் தெரியாது. கண்ணும் சரியாகத் தெரியவில்லை. என் போனை அவனிடம் நீட்டினேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்த நேரம் எனக்கு வசதி, வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பின பிறகா முன்னாலா என்றெல்லாம் கேட்டு, தினமும் அடிக்கிற மாதிரி அவனே வைத்துக் கொடுத்தான்.